அமில டேங்கில் மட்டம் தப்பாகக் காட்டுகிறது, சென்சாரை மாற்றினால் போதுமா?

கேள்வி:
33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், 4 மீட்டர் உயர எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) டேங்க், மேலே அல்ட்ராசோனிக் (மீயொலி) சென்சார். காலையில் சரியாகக் காட்டுகிறது. வெயில் ஏறியதும், டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால், 5 செ.மீ. வரை குறைத்துக் காட்டுகிறது. போன வாரம் லாரியிலிருந்து அமிலம் ஏறிக்கொண்டிருக்கும்போதே 20 நிமிடம் ஒரே எண்ணில் நின்றுவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு முறை காலிபரேட் செய்தாயிற்று.

பதில் 1:
காலிபரேஷனில் தீராது. ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் சென்சார் அளக்கிறது; வெப்பநிலைக்குத் திருத்தம் உள்ளேயே இருக்கும், ஆவிக்கு இருக்காது. ஹைட்ரஜன் குளோரைடு காற்றைவிடக் கனமான வாயு, அதில் ஒலி மெதுவாகப் போகும், எதிரொலி தாமதமாக வருவதால் மட்டம் குறைந்ததுபோலத் தெரியும். டேங்க் நிரம்ப நிரம்ப அந்தப் பிழை தானே சுருங்கிவிடும். நின்றுபோன எண் அப்படியில்லை. சென்சார் முகத்தில் துளி படிந்து எதிரொலி தொலைந்திருக்கும், கருவி கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த செட்டிங்கை இன்றே மாற்றுங்கள்: எதிரொலி போனால் சிக்னல் வழக்கமான 4–20 எல்லையைவிட்டு 21 மில்லி ஆம்பியரைத் தாண்டி அலாரம் அடிக்க வேண்டும்.

பதில் 2:
80 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்குப் போங்கள், முகப்பு பிடிஎஃப்இ-யில் (அமிலம் தாங்கும் டெஃப்லான் பிளாஸ்டிக்) வரும். மைக்ரோ அலையின் வேகத்தை ஆவி பெரிதாக மாற்றாது, நீர் கலந்த அமிலம் நன்றாகவே எதிரொலிக்கும். நாசில் (கருவியை மாட்டும் குழாய் வாய்) மட்டும் நீளமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டாம்.

பதில் 3:
நாங்கள் குழாய் வழியே அமிலத்துக்குள் காற்றைக் குமிழவிட்டு, அதற்கான அழுத்தத்தை அளந்து மட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அளவு சரியாகவே வந்தது (அடர்த்தி 1.16 என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்), ஆனால் குமிழும் காற்று அமில ஆவியை வாரிக்கொண்டு வந்து ஸ்கிரப்பருக்கு (ஆவியைக் கழுவி அகற்றும் கருவி) சுமை ஏற்றிவிட்டது. டிபி டிரான்ஸ்மிட்டர் (அழுத்த வேறுபாட்டை வைத்து மட்டம் காட்டும் கருவி) என்றால் அமிலம் படும் டயாஃப்ரம் (மெல்லிய தகடு) டான்டலம் உலோகம்தான், 316 வகைத் துருப்பிடிக்காத எஃகை இந்த அமிலம் தின்றுவிடும்.

பதில் 4:
எந்தக் கருவி போட்டாலும் சரி, உயர்மட்ட சுவிட்ச் தனியாக ஒன்று வேண்டும், பிஎஃப்ஏ (அமிலம் தாங்கும் பிளாஸ்டிக்) பூசிய ஃபோர்க் வகை (அதிரும் கவை உள்ளது) போதும். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பர் 11 அன்று பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்து வெடித்ததும் மட்டமானி ஒரே எண்ணில் நின்றுபோனதால்தான். தனி சுவிட்ச் அங்கேயும் இருந்தது, அதுவும் வேலை செய்யவில்லை. அதனால் மாட்டியதோடு விடாமல், அலாரமும் வால்வும் சேர்ந்து இயங்குகின்றனவா என்று அவ்வப்போது சோதியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
செட்டிங்கைப் பார்த்தேன், கடைசி எண்ணைப் பிடித்துவைக்கும்படிதான் இருந்தது. மாற்றிவிட்டேன். சுவிட்ச் வரும் வரை லாரி இறக்கும்போது ஓர் ஆள் சைட் கிளாஸ் (மட்டம் கண்ணால் தெரியும் கண்ணாடி) பக்கத்திலேயே நிற்பார்.