ஜப்பானியத்தின் சொந்தம் எது? பழைய கொரிய ஊர்ப்பெயர்கள் பற்றி ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய மொழிக்கு உறுதியான சொந்தம் என்றால் ஒகினாவா பக்கத்து ரியூக்யூ மொழிகள்தான். கொரிய உறவு இன்னும் இழுபறியிலேயே இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ சொன்ன தமிழ் உறவை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை (அந்தச் சண்டையை இங்கே தொடங்க வேண்டாம், ப்ளீஸ்!).

என்னைப் பிடித்து வைத்திருப்பது 1145-இல் தொகுத்த கொரிய வரலாற்று நூலான 'சாம்குக் சாகி'. அதில் சீன எழுத்தில் இருக்கும் கோகுரியோ என்ற பழைய கொரிய அரசின் ஊர்ப்பெயர்களில் மூன்றுக்கு 'மில்', ஏழுக்கு 'நானின்' என்பதுபோல் வருகிறது. ஜப்பானியத்தில் 'மி', 'நானா'! அப்படியானால் கொரியத் தீபகற்பத்திலேயே ஜப்பானியத்தின் உறவுமொழி பேசப்பட்டதா?

37-ஆம் பகுதியில் உள்ள அந்த ஊர்ப்பட்டியல் ஆங்கில விளக்கத்தோடு எங்கே கிடைக்கும்? அப்புறம், செவ்வியல் சீனம் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இரண்டு மூன்று பெயர்களைச் சரிபார்த்துத் தர முடியுமா? படம் அனுப்புகிறேன்.