இருக்கும் சாலையில் பாதுகாப்புத் தணிக்கை: களத்தில் எதை, எப்படிப் பார்ப்பது?

நெடுவழி:
வணக்கம். இருவழி மாநில நெடுஞ்சாலை ஒன்றில் 14 கி.மீ. நீளத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கை செய்யும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். நடுவே இரண்டு ஊர்கள், ஒரு பள்ளி, நிறைய கல்வெர்ட்டுகள் (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலங்கள்). இந்திய சாலைக் குழுமம் (ஐஆர்சி) சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு வெளியிட்ட எஸ்பி 88 கையேட்டின் சரிபார்ப்புப் பட்டியல் கையில் இருக்கிறது. அதை வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனால் போதுமா? அறிக்கை எப்படி இருக்க வேண்டும்?

மைல்கல்:
போதாது. ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளத்தான் பட்டியல். களத்தில் நிற்கும்போது ஒரே கேள்வி: இந்த இடத்தில் யார், எப்படி அடிபடுவார்கள்? விதிப்படி அமைத்த சாலையிலும் அதற்குப் பதில் கிடைக்கும்.

போவதற்கு முன்பே, அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையங்களிலிருந்து மூன்று ஆண்டு விபத்து விவரங்களை வாங்கி, செயினேஜ் (சாலையின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) வாரியாக வரைபடத்தில் குறித்துவிடுங்கள். குழுவில் குறைந்தது இரண்டு பேர். அந்தச் சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பங்குள்ளவர் கூடாது. தன் வேலையின் குறை தன் கண்ணுக்குப் படாது.

முதலில் இரு திசையிலும் நிற்காமல், மற்ற வண்டிகளின் வேகத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பிறகு சந்திப்புகளையும் ஊர்ப்பகுதியையும் நடந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கு முன்னால் மணியடிக்கும் நேரத்தில் நிற்க வேண்டும். காலை பதினொன்றுக்குப் போனால் எதுவும் தெரியாது.

வளைவுகளில் பார்வைத் தூரத்தை அளக்க, ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீ., சாலையில் கிடக்கும் பொருளின் உயரம் 0.15 மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத் தேவையான தூரம் 65 கி.மீ. வேகத்துக்கு 90 மீ., 80-க்கு 120 மீ. பலகையில் 50 என்று எழுதியிருந்தாலும் வண்டிகள் 70-ல் போனால் 70-க்குத்தான் கணக்கு. அதற்கு வேகக் கணிப்பு எடுத்து, 100-ல் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பாருங்கள்.

சந்திப்பு:
மைல்கல் சொன்னதோடு சாலையோரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் அது.

மேல்தளம் புதிதாகப் போட்டபின் ஓரத்து மண்ணை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். தார் விளிம்பிலிருந்து இறங்கிய பைக் திரும்ப ஏறும்போது சக்கரம் விளிம்பில் உரசிச் சாயும். நேர்ச்சட்டமும் அளவுகோலும் வைத்துப் பள்ளத்தை அளந்து எழுதுங்கள்.

டபிள்யூ பீம் தடுப்பின் (சாலையோரத்தில் W வடிவில் மடித்த இரும்புத் தகட்டுத் தடுப்பு) மேல் விளிம்பு தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. இருக்க வேண்டும். சாலை உயர உயர அது தாழ்ந்துபோகும். லாரி ஏறித் தாண்டிவிடும். இணைப்பையும் பாருங்கள்: வண்டி வரும் பக்கத்துத் தகடு, சாலை முகத்தில் அடுத்த தகட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டிருந்தால், மோதும் காருக்குள் தகட்டின் முனை ஈட்டி போல் இறங்கும். தடுப்பு பாலத்தின் கைப்பிடிச்சுவரோடு இணையாமல் இடைவெளி விட்டு நின்றால், அது வண்டியைச் சுவரின் முனைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வேகத்தடையையும் அளந்து பாருங்கள். வேகத்தடைக்கான வழிகாட்டியான ஐஆர்சி 99 முதலில் சொன்ன வட்ட வில் வடிவத் தடை 3.7 மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. விபத்து நடந்த மறுநாள் ஊரில் போடும் ஒரு அடி அகலத் திண்டு இரு சக்கர வாகனத்தைத் தூக்கி எறியும். கிளைச்சாலை சேரும் இடத்தில் தடை கிளைச்சாலையில்தான் வர வேண்டும்.

நெடுவழி:
நன்றி. இரவிலும் போக வேண்டுமா?

மைல்கல்:
கட்டாயம். முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள். பகலில் பளிச்சென்று இருந்த பலகை இரவில் ஒளி திருப்பாமல் கறுப்பாக நிற்கும். கல்வெர்ட் சுவர் சாலையைவிடக் குறுகலாக இருந்தால் அங்கே அபாயக் குறியீட்டுப் பலகை இருக்கிறதா? இன்னொன்று: வளைவை நேராக்கிய இடங்களில் பழைய சாலையின் மின்கம்பங்களும் புளியமர வரிசையும் வேறு திசையில் போகும். இரவில் ஓட்டுநர் அந்த வரிசையையே சாலையென்று நம்பிப் போவார். பகலில் இது கண்ணில் படாது.

சந்திப்பு:
அறிக்கையில் "போதிய எச்சரிக்கைப் பலகைகள் வைக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாராலும் செலவு மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதுங்கள்: "கி.மீ. 7/400 (7 கி.மீ. 400 மீ.), இடப்பக்கம். சீமைக்கருவேலம் மறைப்பதால் கிளைச்சாலை 40 மீ. நெருங்கிய பின்பே தெரிகிறது. பக்கவாட்டு மோதல், பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தார். ஆபத்து: அதிகம். பரிந்துரை: மரங்களை வேரோடு அகற்றுதல், கிளைச்சாலையில் 'நில்' பலகை, நிறுத்தக்கோடு, வேகத்தடை." கூடவே படம், திசை குறிப்பிட்டு.

புதர் வெட்டுவது, கோடு அடிப்பது போன்ற உடனடி வேலைகளையும், நிலம் எடுக்க வேண்டிய வேலைகளையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். கலந்தால், நிதி வரட்டும் என்று எல்லாமே நின்றுபோகும். ஏற்பதும் மறுப்பதும் சாலையின் பொறுப்பாளர் முடிவு. ஆனால் ஒவ்வொரு பரிந்துரைக்கும், மறுத்தால் காரணத்தோடு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாமல் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பதில் கோப்பில் இருப்பது அப்போது முக்கியமாகும்.