கன்சோலுக்கு மானிட்டர்: ஹெர்ட்ஸைப் பார்க்காதீர்கள், போர்ட்டைப் பாருங்கள்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் எந்த மாடியில் கேட்டாலும் '180 ஹெர்ட்ஸ்' (விநாடிக்கு 180 முறை படம் புதுப்பிக்கும்) என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 120-க்கு மேல் போகாது. அந்த 180-ம் பல மாடல்களில் கணினிக்கான டிஸ்பிளேபோர்ட்டில் மட்டுமே வரும். கன்சோலில் அந்தப் போர்ட்டே கிடையாது. கன்சோல் மாட்டுவது எச்டிஎம்ஐ போர்ட்டில், அதனால் ஸ்பெக் தாளில் எச்டிஎம்ஐ வரியைத் தேடிப் படியுங்கள். 1440பி (2560 x 1440 பிக்சல்) திரையில் 120 ஹெர்ட்ஸ் ஓட எச்டிஎம்ஐ 2.0 போதும், 1.4 பற்றாது. ஒரு போர்ட் 2.0, பக்கத்துப் போர்ட் 1.4 என்று கலந்து வைத்த மானிட்டரும் உண்டு.

4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1. சூது இங்கேதான். பெட்டியில் 2.1 என்று போட்டுவிட்டு உள்ளே பழைய 2.0-இன் விநாடிக்கு 18 கிகாபிட் வேகத்தையே கொடுக்கலாம். எச்டிஎம்ஐ விதிமுறை அதற்கு இடம் தருகிறது. 'எச்டிஎம்ஐ வழி 4கே 120 ஹெர்ட்ஸ்' என்று எழுத்தில் இருந்தால் மட்டும் ரிங்கிட்டை எடுங்கள்.

* * *

ஏமாறும் இடங்களில் ஃப்ரீசிங்க் ஸ்டிக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் பாஸ். விளையாட்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் (விஆர்ஆர்) ஏஎம்டி தொழில்நுட்பம் அது. எக்ஸ்பாக்ஸ் அதை ஏற்கும். பிஎஸ்5 ஏற்காது, அதற்கு எச்டிஎம்ஐ 2.1-இன் விஆர்ஆர்தான் வேண்டும், அதுவும் 48 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள். பிஎஸ்5-க்கு 1440பி கிடையாது என்று சொல்லும் பழைய விமர்சனங்களை விட்டுவிடுங்கள், 2022 செப்டம்பர் அப்டேட்டில் வந்துவிட்டது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 மட்டும் வைத்திருப்பவர் 2.1-க்குச் செலவழிக்கவே வேண்டாம்: டிவி, மானிட்டரோடு இணைக்கும் டாக்கில் 4கே என்றால் 60, 1440பி என்றால் 120, விஆர்ஆர் இல்லை.

அகலம் கூடிய அல்ட்ராவைடு மானிட்டர் பக்கம் போகவே வேண்டாம், இரு புறமும் கறுப்புப் பட்டைதான் மிச்சம்.

* * *

வாங்கி மாட்டியபின் வரும் தொல்லைகள்:

புது மானிட்டரில் மாட்டியதும் பிஎஸ்5 படமே காட்டாவிட்டால் கன்சோல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். முழுதாக அணையுங்கள். பவர் பொத்தானை மறுபடி அழுத்திப் பிடியுங்கள். சுமார் 7 விநாடியில் இரண்டாவது பீப் கேட்கும், அப்போது விடுங்கள். கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால்தான் சேஃப் மோட் மெனு நகரும். அங்கே 'சேஞ்ச் வீடியோ அவுட்புட்'டில் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு உள்ளே போங்கள்.

படம் வந்தும் 120 வரவில்லையா? பிஎஸ்5 செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோவில் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்க வேண்டும், கேம் பிரீசெட்ஸில் பெர்ஃபார்மன்ஸ் மோட் தேர்ந்திருக்க வேண்டும். அந்த விளையாட்டுக்கே 120 இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைக்கும் பழக்கம் இன்னொரு வம்பு. அந்த அளவு பெரும்பாலும் மானிட்டரின் உச்ச ஹெர்ட்ஸுக்காக அமைத்தது. 60-இல் ஓடும் விளையாட்டில் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் வெளிறிய ஓரம் ஒட்டிக்கொண்டே வரும். நடுவில் வையுங்கள். விஏ வகைத் திரைப் பேனலில் இருட்டுக் காட்சி கரிபூசியதுபோல் இழுபட்டால் அது பேனலின் குணம், ஓவர்டிரைவ் முழுதாகத் தீர்க்காது.

* * *

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாங்கும் ஆட்களுக்கும் இதேதான். கடையிலேயே முழு வெள்ளை, முழு கறுப்புத் திரை போட்டு டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருக்கிறதா பாருங்கள். உள்ளூர் வாரண்டியா, இறக்குமதி செட்டா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒலி பற்றி யாரும் சொல்லவில்லையே? பிஎஸ்5-இல் ஆப்டிக்கல் போர்ட் இல்லை, பல மானிட்டரில் ஸ்பீக்கரும் இல்லை. மானிட்டரில் 3.5 மிமீ ஜாக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஹெட்செட்டைக் கண்ட்ரோலரில் சொருகிக்கொள்ளலாம்.