சித்தப்பாவின் வலது கால்

சித்தப்பா: இரண்டாவது சல்சா நடன வகுப்பு முடிந்தது. 8 வரை எண்ணுகிறார்கள், அடி வைப்பதோ 6தான். மீதி இரண்டு எங்கே போயிற்று?

நான்: 4-க்கும் 8-க்கும் அடி கிடையாது சித்தப்பா. 1-2-3-சும்மா, 5-6-7-சும்மா.

சித்தப்பா: அந்தச் சும்மாவில்தான் மாட்டிக்கொள்கிறேன். சும்மா இரு என்றால் கால் கேட்பதில்லை.

அண்ணன்: 58 வயதில் எதற்கு சித்தப்பா? முட்டி பத்திரம் 😄

சித்தி: சேர்த்துவிட்டதே நான்தான். நானும் போகிறேன். உனக்கென்ன?

அண்ணன்: 🙏🙏

நான்: முட்டி விஷயம் விளையாட்டில்லை. ரப்பர் அடி போட்ட ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, திருகல் முட்டியில் விழும். வழுக்காமல், அதே சமயம் பிடிக்காமல் திரும்புகிற தோல் அடி நல்லது.

சித்தி: இன்னொன்று. ஜோடியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான்: பெரும்பாலும் அப்படித்தான் சித்தி. ஒருவரோடு மட்டும் ஆடினால் அவர் அடுத்து என்ன செய்வார் என்பது மனப்பாடம் ஆகிவிடும். கை சொல்வதைக் கேட்கவே மாட்டோம். ஆனால் பிடிக்கவில்லை என்றால் மாற மாட்டேன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

சித்தி: நீ சொல்வது சரிதான். இவர் திருப்புவதற்கு முன்பே நான் திரும்பிவிடுகிறேன்.

சித்தப்பா: முப்பது வருடமாக அப்படித்தான்.

சித்தி: ஹாலுக்கு வாங்க, பேசலாம்.

அண்ணி: 😂😂

சித்தப்பா: என் பிரச்சினையைக் கேள் மா. 1-இல் இடது கால் முன்னே. 2-இல் வலது, நின்ற இடத்திலேயே. 3-இல் இடது பழைய இடத்துக்கு வந்துவிடும். 5-இல் வலது கால் பின்னே போக வேண்டும். எனக்கு மறுபடி இடதுதான் கிளம்புகிறது! குனிந்து பார்த்தபடிதான் ஆடுகிறேன், அப்படியும்.

நான்: பார்ப்பதால் பயனில்லை. 3-இல் இடது காலை வைக்கிறீர்கள், ஆனால் எடை இன்னும் வலது காலிலேயே நிற்கிறது. எடை நிற்கிற காலை எப்படித் தூக்குவீர்கள்? அதனால்தான் சும்மா இருக்கிற இடது கிளம்புகிறது. எனக்கும் முதல் இரண்டு மாதம் இதே கதைதான். பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஆடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு மற்றக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் எழுந்தால் எடை மாறிவிட்டது.

சித்தப்பா: அப்படியானால் இன்று தப்பு என் மேல்தானா? கூட ஆடிய அம்மாவிடம் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேனே.

நான்: ஐயோ சித்தப்பா! அது ஆசிரியர் வேலை. ஆட்டத்துக்கு நடுவில் ஜோடியைத் திருத்தினால் அடுத்த முறை யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

சித்தி: அந்த அம்மா சரியாகத்தான் ஆடினார். நான் பார்த்தேன்.

அண்ணன்: சும்மாவே இல்லாத நடனம் எதுவும் உண்டா? ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன்.

நான்: வால்ட்ஸ். 1-2-3, 1-2-3, அவ்வளவுதான். மெது வால்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 90 தட்டுக்கு மேல் போகாது. வியன்னா வால்ட்ஸ் பக்கம் மட்டும் போய்விடாதே, அது 180.

அண்ணன்: சும்மாதான் கேட்டேன்.

சித்தப்பா: செய்து பார்த்தேன். 3-இல் வலது கால் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை! கள்ளன் அகப்பட்டான்.

சித்தி: கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அண்ணி: இங்கே உங்கள் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார்.