பதில்: டைனமோ கட்டவுட்டுக்குத் தமிழ்ல என்ன பேரு? ‘மீளாமடை’ சரிவருமாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க,

இழை நீண்டுக்கிட்டே போகுது, படிச்சுக்கிட்டேதான் இருந்தேன், ஆனா கோபித் தம்பி கேட்டது ஒரு பக்கம் நிக்க, பேச்சு ‘தூய தமிழா பேச்சுத் தமிழா’ன்னு வேற பக்கம் போயிருச்சு. அவரு கேட்டத மறுபடி ஒருக்கா போட்டர்றேன்:

> பழைய ஜாவா 250, 6 வோல்ட். ராத்திரி நிறுத்தி வெச்சா காலைல பேட்டரி எறங்கிக் கெடக்குது. கடைல ரெகுலேட்டர் போச்சுன்னு சொல்லி இப்பத்த பைக்கோட ஆர்ஆர் (ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேந்தது) யூனிட்டக் குடுத்துட்டாங்க, மாட்டுனா சார்ஜே ஏற மாட்டேங்குதுங்கண்ணா. இதுல எது ரெகுலேட்டர், எது கட்டவுட், எது ரெக்டிஃபையர்? தமிழ்ல தனித்தனிப் பேரு இருக்குதுங்களா?

தம்பி காசு போனதுக்கே காரணம் இந்தப் பேருக் கொழப்பம்தானுங்க. ஒர்க்‌ஷாப்ல மூணு சாமானுக்கும் சேத்து ‘ரெகுலேட்டர்’னு ஒரே பேருல முடிச்சர்றாங்க, நாமளும் தமிழ்ல எழுதறப்ப மூணையும் சேத்து ‘சீராக்கி’ன்னு எழுதி வெச்சுட்டா அதே கொழப்பத்த தமிழ்லயும் கொண்டாந்து விட்ட மாதிரிதான ஆகும்.

மொதல்ல வேலையப் பிரிச்சுக்கலாம். அக்கட்டயும் இக்கட்டயும் மாறி மாறி ஓடற கரண்ட ஒரே பக்கமா ஓட வெக்கறது ஒரு வேலை, அது ரெக்டிஃபையரோடது. ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகாம ஒரு அளவுல பிடிச்சு நிறுத்தறது, அதாவது 6 வோல்ட் பேட்டரின்னா 7.2 பக்கமும் 12 வோல்ட்டுன்னா 14.4 பக்கமும், அது இன்னொரு வேலை, ரெகுலேட்டரோடது. வண்டி நின்னதுக்கப்பறம் பேட்டரில ஏறுன கரண்ட் டைனமோ வழியாவே திரும்பி எறங்கிப் போயிராம பாத்துக்கறது மூணாவது வேலை, அதுதான் கட்டவுட்டோடது. தம்பி வண்டில கெட்டுப்போனது, அவரு எழுதியிருக்கறத வெச்சுப் பாத்தா, பெரும்பாலும் இந்த மூணாவதுதான்.

பழைய ஜாவால டைனமோவுங்க. கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் இருக்கறதுனால வெளிய வர்றப்பவே நேர்திசை கரண்டாத்தான் வரும், அதனால மொத வேலைக்கு தனியா ஒரு சாமான் வேண்டியதே இல்ல. இப்பத்த பைக்ல காந்தம் சுத்தற ஆல்டர்னேட்டரு, அதுல வர்றது மாறுதிசை, அத டயோடுகதான் நேராக்குது. அந்த டயோடே திரும்பி வர்ற கரண்டயும் விடாதுங்கறதுனால கட்டவுட்ங்கற சாமானே புது வண்டில இல்லாம போச்சு. சாமான் போனதோட பேரும் போச்சு, இப்ப வேலை பழகற பசங்களுக்கு கட்டவுட்னா சினிமாக் கொட்டாய் முன்னாடி நிக்கறதுதான் தெரியும், இல்லீனா ஈபி மீட்டர் பக்கத்துல இருக்கற பீங்கான் ஃப்யூஸ் கட்டை. கட்டவுட்னே எழுதிட்டுப் போலாமேன்னு சொல்றவங்க இத ரோசனை பண்ணணும், ஏற்கனவே ரெண்டு சாமான் அந்தப் பேருல குந்தியிருக்குது.

ஆர்ஆர் மாட்டுனதும் சார்ஜ் ஏன் ஏறலைன்னு தம்பிக்கு யாருமே சொல்லல பாருங்க. டைனமோவுல நிரந்தரக் காந்தம் கெடையாது, ஃபீல்டு காயிலுக்கு கரண்ட் போனாத்தான் காந்தப்புலமே வரும், பழைய ரெகுலேட்டர் பண்றது அந்த ஃபீல்டு கரண்ட கூட்டிக் கொறைக்கற வேலைதான். புது ஆர்ஆர்ல ஃபீல்டுக்குன்னு வயரே இருக்காது. அப்ப இரும்புல ஒட்டியிருக்கற மிச்சசொச்ச காந்தத்த வெச்சு டைனமோ என்னத்த உற்பத்தி பண்ணும்? அந்த ஆர்ஆர் கெட்ட சாமானெல்லாம் இல்லீங்க, வேற வேலைக்குப் பொறந்த சாமான். காந்தம் சுத்தற ஆல்டர்னேட்டர்ல புலத்தக் கொறைக்க வழியில்லாததால மிஞ்சுனத ஸ்டேட்டர் காயிலுக்கே (சுத்தாம நிக்கற காயிலு) ஷார்ட் பண்ணி விட்டுரும், அதனாலதான் அதுக்கு அத்தன ஃபின், அத்தன சூடு. ரெண்டையும் ‘சீராக்கி’ன்னு ஒரே பேருல விக்கப்படாதுங்கறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணுங்க. ஃபீல்டப் புடிக்கறது புலச்சீராக்கி, மிச்சத்தக் கழிக்கறது கழிப்புச்சீராக்கின்னு வெச்சுக்கலாம்ங்கறது என் ரோசனை, ரெண்டாவதுக்கு இதவிட நல்லதா யாராச்சும் சொன்னா எடுத்துக்கலாம். ரெக்டிஃபையருக்கு பாடப்புத்தகத்துல இருக்கற ‘திருத்தி’யே போதும், அரை அலை திருத்தி, முழு அலை திருத்தின்னு படிச்ச புள்ளைகளுக்கெல்லாம் பழக்கமான சொல்லு, அதப்போய் மாத்த வேண்டாம்.

இனி கட்டவுட்டுக்கு வர்றேன். இழைல வந்த ரெண்டும் இதுங்க:

> மின்துண்டிப்பி என்பதே பொருத்தம். மூலச்சொல்லின் பொருளும் அதுதான்.

> எதிர்மின்னோட்டத் தடுப்புக் கருவி எனலாம். பொருள் தெளிவாக உள்ளது.

ஈரோட்டு ஐயா மேல எனக்கு நெம்ப மரியாதை, அவரு குடுத்த சொல்லுக பலதும் நான் தெனம் எழுதறதுதான், ஆனா மின்துண்டிப்பின்னா ஃப்யூஸ், எம்சிபி, ஐசோலேட்டர்னு எல்லாமே துண்டிக்கற சாமான்தானுங்கய்யா. இது எப்பத் துண்டிக்குது, எதுக்குத் துண்டிக்குதுங்கறது அந்தச் சொல்லுல இல்ல. சேலத்து அண்ணன் சொன்னது பொருளுக்கு நூத்துக்கு நூறு சரி, ஆனா கை பூரா கிரீஸோட நிக்கறவரு ‘அந்த எதிர்மின்னோட்டத் தடுப்புக் கருவிய எடு’ன்னு சொல்வாரா? சுருக்கி ‘தடுப்பி’ன்னு விட்டா மின்தடை, தடுப்பான், தடையாக்கின்னு பக்கத்துல இருக்கறவங்களோட கலந்துரும்.

பழைய வண்டியோட ரெகுலேட்டர் பொட்டி மூடியத் தொறந்து பாத்திருப்பீங்க. உள்ள ரெண்டு காயில் பக்கத்துல பக்கத்துல நிக்கும். அதுல ஒண்ணுல மட்டும் மெல்லிசான கம்பி நெறையாச் சுத்தி, அதுக்கு மேல தடிமனா நாலஞ்சு சுத்து இருக்கும், அதுதான் கட்டவுட். வண்டி ஸ்டார்ட் ஆகி டைனமோ வோல்டேஜ் பேட்டரிய விட மேல வந்ததும் மெல்லிசு கம்பிக் காயில் மேல இருக்கற இரும்புத் தகட்ட இழுக்கும், பாயிண்ட் ரெண்டும் ஒட்டும், கரண்ட் அந்தத் தடிக் கம்பி வழியா பேட்டரிக்குப் போகும், அப்படிப் போற கரண்டே தகட்ட இன்னும் இறுக்கிப் புடிக்கும். வண்டி மெதுவாகி டைனமோ எறங்குனா பேட்டரில இருந்து கரண்ட் திரும்பும் பாருங்க, அப்படித் திரும்புன அந்த நொடிலயே தடிக் கம்பில திசை மாறி, இழுத்துப் புடிச்ச காந்தத்த அதுவே அழிச்சர்றதுனால ஸ்பிரிங் தகட்டத் தூக்கி விட்டுரும். அதாவது கரண்ட் திரும்பறதுதான் அது தொறக்கறதுக்கே காரணம். அதனால பேருல ‘திரும்பாம’ங்கறது இருந்தே ஆகணும்னு நெனைக்கறேன்.

நம்ம பக்கம் கெணத்து மோட்டாருக்கு ஃபுட்வால்வு போடறோம்ல, மோட்டாரு நின்னாலும் பைப்புல ஏறுன தண்ணி கெணத்துக்கே திரும்பாம நிக்கறதுக்கு, அதே வேலைதான் இது. அதுல இருந்துதான் எனக்கு ‘மீளாமடை’ன்னு தோணுச்சு. மீளா, எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்துல ஒரு கொறையும் இல்ல. மடை எல்லாத்துக்கும் தெரிஞ்ச சொல்லு, மடை மாத்தறது, மடை தொறக்கறதுன்னு தெனம் பேசறோம், வழி விடறதும் அடைக்கறதும் ரெண்டும் மடைக்கு உண்டு. நாலே எழுத்து, அஞ்சு வயசுப் பையனும் சொல்லீருவான்.

‘அப்ப டயோடுக்கும் இதே பேரா’ன்னு பல்லடத்துக்காரர் கேட்டாரு, நல்ல கேள்வி. டயோடு ஒரு உறுப்பு, தமிழ்ல இருமுனையம்னு சொல்றாங்க. மீளாமடைங்கறது வேலையோட பேரு. தகடும் ஸ்பிரிங்கும் வெச்சது பழைய மீளாமடை, அந்த எடத்துல டயோடு போட்டா அது டயோடு மீளாமடை, அவ்வளவுதான். சாமான் மாறுனாலும் பேரு மாற வேண்டியதில்லைன்னா அந்தச் சொல்லு நெலைக்கும், கலைக்கதிர் நடத்தி அறிவியலத் தமிழ்ல எழுத வெச்ச ஜி.ஆர்.தாமோதரன் ஊருக்காரங்க நாம, இந்த மாதிரி ஒர்க்‌ஷாப் சாமானையும் விட்டு வெக்காம பேரு வெக்கணும்ங்க.

தம்பிக்கு வேலைக்காகறதையும் சொல்லிர்றேன். புதுசா முழு 12 வோல்ட் கிட்டுக்கு இப்பவே போயிராதீங்க தம்பி, அது ஆயிரக்கணக்குல இழுத்துரும், பழைய சாமான் நல்லா இருக்கறப்ப எதுக்கு. சாவிய ஆஃப் பண்ணி, பேட்டரி வயர ஒண்ணக் கழட்டி, நடுவுல ஒரு 6 வோல்ட் பல்பு சேத்துப் பாருங்க. எரிஞ்சா எங்கியோ கரண்ட் போகுது. அப்படியே டைனமோவுல இருந்து பொட்டிக்கு வர்ற வயரக் கழட்டுங்க, பல்பு அணைஞ்சா மீளாமடை பாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நைஸ் எமெரி பேப்பர்ல பாயிண்ட்ட லேசா தேச்சு, தொடச்சு உட்டீங்கன்னா பாதி வண்டி அதுலயே சரியாயிரும், செலவு எமெரி பேப்பர் காசுதான்.

ஸ்பிரிங் தளந்திருந்து கேக்கலைன்னா டயோடு போடலாம். 45 வாட் டைனமோ, 6 வோல்ட்டுன்னா ஏழரை ஆம்ப் வரைக்கும் வரும், அதனால 15, 20 ஆம்ப் தாங்கற டயோடா வாங்கோணும். சாதா சிலிக்கான்ல 0.7 வோல்ட் அதுலயே போயிரும், ஏழரை ஆம்ப்புக்கு அது அஞ்சு வாட் சூடு, அலுமினியத் தகட்டுல வெச்சு இறுக்காம விட்டா கருகிரும். 12 வோல்ட் வண்டிக்கு 0.7 ஒண்ணும் பெருசில்ல, 6 வோல்ட்டுக்கு அது வலிக்கும், அதனால ஷாட்கி டயோடு கெடைச்சா அதயே போடுங்க, அதுல எழப்பு கம்மி. புலச்சீராக்கி பழையதே இருக்கட்டும், அதத் தொட வேண்டாம்.

ஃபீல்டு காயிலே கருகியிருந்தாலும் பயப்படாதீங்க. 1937ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவுலயே மொதல்ல மின்மோட்டார் செஞ்ச ஊரு கோயமுத்தூரு, காயில் கட்டறவங்களுக்கு நம்ம பக்கம் பஞ்சமே கெடையாது. பம்ப் மோட்டார் வைண்டிங் கடைல குடுக்கறப்ப பழைய காயிலப் பிரிக்கறதுக்கு முன்னாடியே கம்பி கேஜும் எத்தன சுத்துன்னும் எழுதி வெக்கச் சொல்லுங்க, அது தப்பிப்போச்சுன்னா அப்பறம் யாரக் கேட்டும் பிரயோசனமில்ல. ஆர்மேச்சர்னா மட்டும் செல்ஃப் மோட்டார் ஆர்மேச்சர் கட்டறவருகிட்டப் போங்க, கம்யூட்டேட்டர் வேலை அவருக்குத்தான் கை வரும்.

மீளாமடைக்கு ஆதரவோ எதிர்ப்போ இருக்கறவங்க இந்த இழைலயே எழுதுங்க, ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவங்க ஒருக்கா பசங்ககிட்டச் சொல்லிப் பாத்துட்டு எழுதுனா இன்னும் நல்லது. தம்பி, உங்க வண்டில பேட்டரியோட எந்த முனைய பாடில எர்த் பண்ணியிருக்குதுன்னு பாத்து எழுதுங்க, ப்ளஸ்ஸா மைனஸ்ஸான்னு தெரிஞ்சாத்தான் டயோட எந்தப் பக்கம் திருப்பி வெக்கறதுன்னு சொல்ல முடியும்.