தி அன்டச்சபிள்ஸ்: விசாரணை நடுவில் ஜூரியையே மாற்ற முடியுமா?

ரீல்பெட்டி:
1987ல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தை மறுபடி பார்த்தேன். சிகாகோவின் கள்ளச்சாராய தாதா அல் கபோனை வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டிவிடும் கதை. ரயில் நிலையப் படிக்கட்டுக் காட்சி இன்றைக்கும் அசத்தல், அதில் பேச்சு ரொம்பக் குறைவு. ஆனால் அந்த கோர்ட் காட்சி? ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) மொத்தமும் விலைபோய்விட்டது என்று தெரிந்ததும் நீதிபதி, பக்கத்து கோர்ட்டில் விவாகரத்து வழக்கு கேட்கும் ஜூரியை இங்கே கூட்டி வா, இவர்களை அங்கே அனுப்பு என்கிறார். உடனே அல் கபோனின் வக்கீல் எழுந்து, கட்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிடுகிறார். 1931 சிகாகோவில் இதெல்லாம் நடந்திருக்குமா?

வாய்தா வாசு:
ஜூரி விஷயம் பாதி நிஜம். கபோன் ஆட்கள் ஜூரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் வளைக்கிறார்கள் என்று வருமான வரித்துறையின் ஃபிராங்க் வில்சனுக்குத் துப்பு கிடைத்து, அது நீதிபதி வில்கர்சன் காதுக்குப் போனது. அவர் மூச்சு விடவில்லை. அக்டோபரில் விசாரணை தொடங்கிய அன்று காலையில், அதே கட்டடத்தில் இன்னொரு நீதிபதியின் வழக்குக்கு ஜூரி தேர்வுக்காக வந்திருந்த கூட்டத்தோடு தன் கூட்டத்தை மாற்றிக்கொண்டார். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்ததால் அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

படத்தில் சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு மாற்றுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் எதைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வார்கள்? நிஜத்தில் விசாரணையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று, கபோன் வழக்கு நடந்தது ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் கோர்ட்டில். அங்கே விவாகரத்து வழக்கே வராது, அது மாநில கோர்ட் வேலை.

ஓரசீட்:
சார், வக்கீல் ஒப்புக்கொள்வது?

வாய்தா வாசு:
செல்லவே செல்லாது. அதைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். நிஜக் கதை இதற்கு நேர் எதிர். 1931 ஜூனில் கபோனே குற்றத்தை ஒப்புக்கொண்டார், அரசுத் தரப்போடு பேசி முடித்து இரண்டரை வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்ற கணக்கில். ஃபெடரல் கோர்ட்டில் பேரம் நடக்காது, தண்டனையை நான்தான் முடிவு செய்வேன் என்று வில்கர்சன் சொல்லிவிட, ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விசாரணைக்கு நின்றார். 22க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் ஐந்தில்தான் ஜூரி குற்றவாளி என்றது. ஆனாலும் கிடைத்தது 11 வருடம், 50,000 டாலர் அபராதம்.

ரீல்பெட்டி:
கள்ளச்சாராயக் காசுக்கு வரி கட்டவில்லை என்று பிடிப்பதே எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது. கணக்கு காட்டினால் மாட்டுவான், காட்டாவிட்டாலும் மாட்டுவான்.

வாய்தா வாசு:
அந்த வாதத்தை வேறொரு சாராய வியாபாரி 1927லேயே உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போய்த் தோற்றார். சட்டவிரோத வருமானமும் வருமானம்தான் என்று தீர்ப்பு. கபோனைச் சாய்த்ததும் படத்தின் நாயகனான, துப்பாக்கியோடு திரிந்த மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ் இல்லை, வில்சன் கூட்டத்தின் கணக்குப்பிள்ளை வேலைதான். நெஸ் போட்ட மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

ஓரசீட்:
அப்போ மொட்டை மாடியிலிருந்து நெஸ் தள்ளிவிடும் கபோனின் கையாள் நிட்டி?

வாய்தா வாசு:
சுத்தக் கற்பனை. நிஜ நிட்டி 1943ல் தற்கொலை செய்துகொண்டார். எனக்கு வருத்தமே வேறு. வரி பாக்கியை சமாதானமாக முடிக்கலாம் என்று 1930ல் கபோனின் வரி வக்கீல் மாட்டிங்லி, என் கட்சிக்காரருக்கு 1928, 1929ல் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மிகாமல் வருமானம் என்று எழுத்தில் ஒத்துக்கொள்வதுபோல அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதைத்தான் அரசுத் தரப்பு ஜூரி முன்னால் வாசித்துக் காட்டியது. சொந்த வக்கீல் கடிதமே ஆளை உள்ளே தள்ளிய இந்தக் காட்சியை விட்டுவிட்டு மாடியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.