பால், பாலினம்: புள்ளி ஒன்று போனால் சட்டம் மாறுகிறது

அன்பர்களுக்கு வணக்கம்.

உடலைச் சார்ந்த 'செக்ஸ்', சமூகத்தையும் அடையாளத்தையும் சார்ந்த 'ஜெண்டர்' இரண்டுக்கும் தமிழில் பால், பாலினம் என்று எழுதிவிட்டுப் போகாமல் ஏன் இத்தனை மடல்கள் என்று கேட்டிருந்தீர்கள். செய்திக்கு அது போதும். மொழிபெயர்க்க என் கையில் இருப்பவை அமெரிக்க மாநிலச் சட்டங்கள். அங்கே வழக்கே இந்த இரண்டு சொற்களின் மீதுதான்.

அயோவாவில் 2025 பிப்ரவரியில் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தைப் பாருங்கள். 2007 முதல் அம்மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தில் இருந்த பாலின அடையாளப் பாதுகாப்பை, அதாவது ஒருவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதியை, அது நீக்கியது. கூடவே, ஜெண்டர் என்ற சொல் தனித்து வந்தால் செக்ஸ் என்பதற்கு மறுபெயராகவே கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. நாம் காட்ட நினைக்கும் வேறுபாட்டை அழிப்பதற்கென்றே எழுதிய வாக்கியம் அது. அழிப்பதைச் சொல்லவும் இரண்டு சொல் வேண்டுமே!

என் வரைவில் 'பாலின் அடிப்படையில்' என்று இருந்ததை மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, 'பாலின அடிப்படையில்' என்று திருத்திவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் திருத்தியிருப்பார்கள். ஆனால் ஒரு புள்ளி போனதும் செக்ஸ் ஜெண்டராகிவிட்டது. உருபேற்றால் இந்தச் சொல் இப்படித்தான் தடுமாறும். 'பாலை' என்று எழுதினால் படிப்பவருக்குப் பசு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் மணல்.

செக்ஸ் என்பதற்குப் 'பிறப்புப்பால்' என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. ஆண், பெண் யார் என்று வரையறுக்கும் கான்சஸ் மாநிலச் சட்டம் ஆளுநர் லாரா கெல்லியின் மறுப்பாணையைத் (வீட்டோ) தாண்டி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் செக்ஸ் என்பது பிறப்பின்போதுள்ள உயிரியல் செக்ஸ் என்கிறது அது. கருமுட்டையை உண்டாக்கும் வகையில் வளர்ந்த இனப்பெருக்க மண்டலம் உடையவர் பெண். அம்முட்டையைக் கருவுறச் செய்யும் வகையில் வளர்ந்தது உடையவர் ஆண். (ஆணுக்கு வரையறை சொல்லவும் பெண்ணின் முட்டைதான் தேவைப்பட்டிருக்கிறது.) இங்கே 'பிறப்பின்போது' என்பது சட்டமன்றம் எடுத்த முடிவு. அதைக் கலைச்சொல்லுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், 1964ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் குடிமை உரிமைச் சட்டத்தில் வரும் அதே சொல்லை எப்படிப் பெயர்ப்பது? திருநர் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதும் செக்ஸ் காரணமாக நீக்குவதே என்று 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாஸ்டாக் வழக்கில் தீர்ப்பளித்தது அந்தச் சொல்லை வைத்துத்தான்.

எனவே செக்ஸ் என்பதற்குப் பால் என்றே இருக்கட்டும், உருபு மட்டும் வேண்டாம். 'பால் காரணமாக', 'பால் அடிப்படையில்' என்று எழுதினால் புள்ளித் தொல்லை இல்லை. உயிரியல் என்ற அடையோடு வரும் இடத்தில் 'உடற்பால்' எனலாம். உருபேற்றாலும் 'உடற்பாலின்' என்பதை யாரும் பாலினம் என்று படிக்க மாட்டார்கள். கான்சஸ் வாக்கியம் 'பால் என்பது பிறப்பின்போதுள்ள உடற்பால்' என்று அமைகிறது. அயோவாவுக்கு, 'பாலினம் எனும் சொல் தனித்து வரின் பால் என்பதன் மறுபெயராகவே கொள்ளப்படும்.' இரண்டையும் உரக்கப் படித்துப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

ஒன்று பாக்கி. ஆண், பெண் வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்களுக்குக் கான்சஸ் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதில் கோளாறு, வேறுபாடு என்ற இரண்டு சொற்களையும் நடுவே ஒரு சாய்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களே எதையும் தேர்ந்தெடுக்காதபோது நான் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சாய்கோட்டை அப்படியே விட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.